பிள்ளைகளும் கண்டுபிடிப்புகளும்: நெல்லைச் சீமைப் பெற்றோர், ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்தில் 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கும், பள்ளியில் அறிவியல் மன்றம் நடத்துபவர்களுக்கும் எழுதியது. தேவைப்படும் சாமான்களில் பெரும்பாலானவை வீட்டிலோ, பனங்காட்டிலோ, குயவரிடமோ கிடைப்பவை.

யார் எதைக் கண்டுபிடித்தார், எந்த ஆண்டு என்று மனப்பாடம் செய்யவைத்தால் போதாதா?

வினாடி வினாவுக்குப் போதும். ஆனால் ஒரு பெயரும் ஓர் ஆண்டும் மட்டும் கையில் இருந்தால், ஒரு மேதை காலையில் எழுந்து ஒரு பொருளைச் செய்து முடித்துவிட்டார் என்றுதான் பிள்ளை நினைத்துக்கொள்ளும். நம் அடுப்படியில் இருக்கும் தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டிப் பக்கம் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி வேலை தெரியும். அதன் கதை அவ்வளவாகத் தெரியாது.

ஜான் வாக்கர் என்ற ஆங்கிலேய மருந்துக்கடைக்காரர் 1826இல் ரசாயனக் கலவை ஒட்டிய குச்சி உரசினால் பற்றிக்கொள்வதைக் கவனித்தார். அடுத்த ஆண்டு விற்கத் தொடங்கினார். அந்தக் குச்சி எரியும், ஆனால் தீப்பொறி தெறித்துத் துணியில் விழும். பிறகு வந்தவர்கள் வெள்ளை பாஸ்பரஸ் சேர்த்தார்கள். எளிதாகப் பற்றியது, எங்கே உரசினாலும் பற்றியது, சட்டைப் பையிலும் பற்றியது. அதைவிடக் கொடுமை, அந்தப் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. இதற்கு மாற்றாகத்தான் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சுவீடனில் மருந்தை இரண்டாகப் பிரித்தார்கள்: பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் குச்சியின் தலையில், நஞ்சில்லாத சிவப்பு பாஸ்பரஸ் பெட்டியின் பட்டையில். இரண்டும் சேர்ந்தால்தான் தீ. வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிகளைத் தடைசெய்ய நாடுகள் ஒப்பந்தம் போட்டது 1906இல்.

பெரியவர் ஒருவர் குச்சியைப் பட்டையில் ஒருமுறையும் சிமெண்டுத் தரையில் ஒருமுறையும் உரசிக் காட்டட்டும். தரையில் ஏன் பற்றவில்லை என்ற கேள்வி பிள்ளையிடமிருந்து தானாக வரும். ஒருவர் தீர்த்துவைத்த சிக்கலிலிருந்து இன்னொரு சிக்கல் கிளம்பியது, அதை வேறொருவர் தீர்த்தார் என்ற வரிசை இந்த ஒரு பெட்டியிலேயே இருக்கிறது.

எந்த வயதில் தொடங்கலாம்?

பிரித்துப் பார்ப்பது 6, 7 வயதிலேயே. அளந்து குறித்துவைப்பது 9 வயதுக்குப் பிறகு. அதற்கு முன்னால் நோட்டைத் திணித்தால் விளையாட்டும் போகும், நோட்டும் போகும்.

முதல் வேலையாக எதைச் செய்யவைக்கலாம்?

நுங்கு வண்டி. சித்திரை, வைகாசியில் செலவே இல்லை. சக்கரம், அச்சு, உராய்வு மூன்றும் அதிலே இருக்கின்றன. கடையில் விற்கும் 'ரோபோ கிட்'டை விட இது நல்ல தொடக்கம் என்பது எங்கள் கருத்து. கிட்டில் எல்லாத் துளையும் சரியான இடத்திலேயே போட்டிருக்கும். பிழை வரவே வராது.

நுங்கு தின்ற வெறுங்காய் இரண்டு வேண்டும், கூடியமட்டும் ஒரே அளவில். அச்சுக்குச் சுண்டுவிரல் கனத்தில் ஒன்றரைச் சாண் நீளமுள்ள நேரான குச்சி, இரண்டு முனையும் சீவியது. தள்ளுவதற்கு நுனியில் கவட்டை உள்ள நாலடிக் கம்பு. காயின் வெட்டுவாய் வெளிப்பக்கம் பார்க்க, அடிப்பக்கம் உள்ளே பார்க்கக் குச்சியை இரண்டு காயிலும் குத்தி இறக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கவட்டையை அச்சின் நடுவில் வைத்துத் தள்ளினால் ஓடும்.

ஓடும் என்று சொன்னாலும் முதல் தடவை ஒழுங்காக ஓடாது. அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

வண்டி குதித்துக் குதித்துப் போனால் துளை நடுவில் இல்லை. மூன்று கண் உள்ள காய் முழு வட்டமாக இருக்காது, கண்ணளவில் நடுவைப் பிடிப்பது கடினம். நூலைக் காயின் குறுக்கே அகலமான இடத்தில் ஒருமுறையும், அதற்குக் குறுக்காக ஒருமுறையும் பிடித்து, இரண்டும் வெட்டும் இடத்தில் முள்ளால் குறி வைக்கச் சொல்லுங்கள். நேராகப் போகாமல் ஒரு பக்கமே வளைந்தால் காய் ஒன்று சிறியது. வண்டி சிறிய காய் இருக்கும் பக்கம்தான் திரும்பும். தள்ளவே முரண்டு பிடித்தால் கவட்டையில் உராய்வு. பட்டையைச் சீவி, இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் விடுவதற்கு முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று காலடியால் அளக்கலாம்.

திரும்பும்போது வண்டி இழுபடுவதைக் கொஞ்சம் பெரிய பிள்ளைகள் கவனிப்பார்கள். இரண்டு காயும் ஒரே அச்சில் இறுகியிருப்பதால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் போயாக வேண்டும். முடியாததால் ஏதாவது ஒன்று சறுக்குகிறது. மாட்டு வண்டியில் அச்சு நிற்கும், சக்கரம்தான் சுற்றும். கழன்று போகாமல் கடையாணி பிடித்துக்கொள்ளும். காய்த் துளையைப் பெரிதாக்கி, அச்சின் முனையில் குறுக்காக ஒரு முள்ளைச் செருகச் சொல்லுங்கள். கடையாணி போட்ட நுங்கு வண்டி எவ்வளவு எளிதாகத் திரும்புகிறது என்று பாருங்கள்.

இரண்டு மூன்று நாளில் காய் வற்றித் துளை தொளதொளவென்று ஆகிவிடும். பிள்ளை அழுதால் அழட்டும். வற்றாத சக்கரத்துக்கு என்ன செய்யலாம் என்பது அடுத்த கேள்வி. தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரமாக்கியது நம் தெருப்பிள்ளைகள் எப்போதோ கண்டுபிடித்தது.

நுங்கு சீசன் இல்லாதபோது?

ஆனி, ஆடியில் காற்று வந்துவிடும். ஓலைக் காற்றாடி செய்யலாம். பச்சைப் பனையோலையில் ஒரு விரற்கடை அகலம், 15 செ.மீ. நீளத்துக்குக் கீற்று. இரண்டு முனையையும் பிடித்து, துணி பிழிவது போல எதிரெதிராக முறுக்குங்கள். நடுவில் துளையிட்டு உடைமுள்ளைச் செருகி, முள்ளின் கூர்முனையை ஆமணக்குத் தண்டிலோ பப்பாளிக் காம்பிலோ குத்திவிட வேண்டும். துளை முள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். ஓலைக்கும் தண்டுக்கும் இடையே ஒரு பாசிமணி கோத்தால் உரசாது.

சுற்றவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: முறுக்கு விழவில்லை, முழு ஓலையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறது. அப்போது காற்று இரண்டு சிறகையும் ஒரே திசையில் தள்ளும், காற்றாடி அசையாமல் நிற்கும். ஒரு சிறகை மேலேயும் மற்றதைக் கீழேயும் தள்ளினால்தான் சுற்றும்.

இதை வைத்துச் சோதனை செய்யலாம். ஆனால் சுற்றுகளை எண்ண முயலாதீர்கள், கண் பிடிக்காது. மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்து, காற்றாடியைப் பிடித்தபடி பின்னால் நகரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே தரையில் சாக்பீஸ் கோடு. 10, 15, 20 செ.மீ. நீளக் கீற்றுகளை ஒவ்வொன்றாக, மும்மூன்று தடவை. எது அதிகத் தூரம் தாக்குப்பிடிக்கிறதோ அது மெல்லிய காற்றிலும் சுற்றக்கூடியது. நீளத்தை மாற்றும்போது அகலத்தையும் முறுக்கையும் தொடக்கூடாது. இரண்டை ஒருசேர மாற்றிவிட்டு "இது நல்லா சுத்துது" என்று சொல்லும் பிள்ளையிடம், "எதனால?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பணகுடி, ராதாபுரம், கயத்தாறு பக்கம் பஸ்ஸில் போகும்போது பெரிய காற்றாலைகளைக் காட்டுங்கள். அந்தச் சிறகும் அடியிலிருந்து நுனிவரை ஒரே சாய்வில் இருக்காது, முறுக்கிக்கொண்டே போகும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாக நெருக்கிப் புகுந்து வருவதால்தான் அவை அங்கே நிற்கின்றன.

"புதுசா ஏதாவது யோசி" என்றால் பிள்ளை முழிக்கிறதே?

யாரானாலும் முழிக்கத்தான் செய்வார்கள். யோசனை கேட்காதீர்கள், தொல்லை கேட்டு எழுதவையுங்கள். ஒரு வாரத்துக்கு வீட்டில் யார் எதற்குச் சலித்துக்கொள்கிறார்கள் என்று ஒரு பட்டியல். ஆச்சிக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அம்மா தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்த பிறகுதான் மோட்டாரை அணைக்கிறாள். சைக்கிள் ஸ்டாண்டு மணலில் புதைகிறது. பட்டியல் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் எதிரே, இப்போது என்ன செய்து சமாளிக்கிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது பத்தியில்தான் பாதிக் கண்டுபிடிப்பு ஏற்கெனவே இருக்கும். நூல் முனையை மெழுகில் தடவுவது, தொட்டியில் தெர்மாகோல் துண்டை மிதக்கவிட்டுக் குச்சி உயர்வதைப் பார்ப்பது, ஸ்டாண்டுக்கு அடியில் ஓட்டுத்துண்டு வைப்பது.

தொல்லையே விடையாக மாறியதும் உண்டு. சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் 1941இல் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது உடையிலும் நாயின் மயிரிலும் ஒட்டிய முட்காய்களைப் பிய்த்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முள்நுனியிலும் கொக்கி. அதைப் பார்த்துச் செய்த வெல்க்ரோவுக்கு அவர் காப்புரிமை பெற்றது 1955இல். நடுவில் கழிந்த ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். துணியில் அந்தக் கொக்கியை எப்படி நெய்வது என்பதற்குத்தான் அவ்வளவு காலம். நம் குளத்தங்கரையில் கிடக்கும் மருளூமத்தைக் காயை ஒரு பூதக்கண்ணாடியில் காட்டினால் அதே கொக்கிகளைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.

பழைய சாமான்களைப் பிரிக்கக் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டும். சைக்கிள் மணி, குடை, அமுக்கினால் முனை வரும் பேனா, பூட்டு, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை. சைக்கிள் மணி எல்லாவற்றிலும் மேல்: மூடியைத் திருகிக் கழற்றினால் ஒரு நெம்புகோல், பற்சக்கரங்கள், சுற்றும் தட்டில் தளர்வாகக் கோத்த வளையங்கள், ஒரு சுருள்வில் எல்லாம் கண்முன் வந்துவிடும். கட்டைவிரல் ஒருமுறை அமுக்க, தட்டு பல சுற்று சுற்றுவது எப்படி என்று பற்களை எண்ணிப் பார்த்தால் தெரியும். பிரிக்கும் ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்ப மாட்டத் தேவைப்படும். திருகுகளை முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகக் கழற்றிய வரிசையிலேயே போடவும்.

கொடுக்கக்கூடாதவை: பழைய பெட்டி டிவி, மைக்ரோவேவ் அடுப்பு, இன்வெர்ட்டர் (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்), செல்போன் பேட்டரி (குத்தினால் தீப்பற்றும்), டியூப்லைட்டும் சி.எஃப்.எல். பல்பும் (பாதரசம்), பிரிட்ஜின் பின்குழாய். பிளக் உள்ள எதையும் முதலில் வயரை வெட்டி எறிந்துவிட்டுத்தான் கையில் கொடுக்க வேண்டும்.

மின்சாரம், மோட்டார் இல்லாமல் கொஞ்சம் பெரிய சோதனை உண்டா?

பானைக் குளிர்ப்பெட்டி. 2001 குஜராத் பூகம்பத்துக்குப் பிறகு, உடைந்து கிடந்த பானைகளின் படத்தைப் போட்டு 'ஏழைகளின் பிரிட்ஜ் உடைந்தது' என்று ஒரு பத்திரிகை எழுதியது. அந்த வரியைப் பிடித்துக்கொண்ட குயவர் மன்சுக்பாய் பிரஜாபதி, மின்சாரமில்லாத மண் பிரிட்ஜைச் செய்து விற்கும் அளவுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே, 1990களில், நைஜீரியாவின் முகமது பா அப்பா பானைக்குள் பானை வைத்து நடுவில் ஈரமணல் நிரப்பும் முறையை ஊர் ஊராகக் கொடுத்திருந்தார். வீட்டில் செய்ய எளிது இரண்டாவதுதான்.

பெரிய பானை ஒன்று; அதற்குள் வைத்தால் சுற்றிலும் 3, 4 விரல் இடைவெளி விடும் சின்னப் பானை ஒன்று. இரண்டும் வண்ணம் பூசாத சுட்ட மண்ணாக இருக்க வேண்டும்; பெயிண்ட் அடித்ததில் நீர் கசியாது. அடியில் மூன்று விரல் உயரம் மணல், அதன்மேல் சின்னப் பானை, சுற்றிலும் மணல். ஆற்று மணலுக்காகத் தாமிரபரணியில் இறங்க வேண்டாம். எம்-சாண்டை நாலைந்து தடவை அலசி மாவுத்தூளைப் போக்கினால் போதும். முதலில் மணல் முழுவதும் நனையும்படி நீர் ஊற்றி, பிறகு காலையும் மாலையும் அரை லிட்டர் வீதம். வாயை ஈரச்சாக்கால் மூடவும். உள்ளே ஒரு தக்காளி, வெளியே நிழலில் ஒரு தக்காளி, இரண்டு இடத்திலும் தெர்மாமீட்டர் (காய்ச்சல் பார்ப்பது அல்ல, ஆய்வகத்தில் இருக்கும் சாராய வகை).

நிழலும் காற்றும் இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும். அறைக்குள் கதவை மூடி வைத்தால் ஒன்றும் நடக்காது. ஈரம் ஆவியாகப் போக வழியில்லை. ஆடிக்காற்றில் உள்ளே 5 முதல் 8 டிகிரி குறைவதைப் பார்க்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழைக்கு நடுவில் அதே பானை ஒன்றிரண்டு டிகிரியோடு நின்றுவிடும். உவரி போன்ற கடற்கரை ஊரில் இருக்கும் சித்தி வீட்டில் ஒன்றும் வள்ளியூரில் ஒன்றும் வைத்து ஒரே நாளில் அளந்து ஒப்பிட்டால், பிள்ளைகள் பெரும்பாலும் கேட்காத ஒரு கேள்விக்கு வந்துசேர்வார்கள்: இந்தக் கருவி எங்கே வேலை செய்யாது?

தாத்தா காலத்துக் கருவிகளில் சொல்லித்தரத்தக்கது எது?

கமலை. மாடு கட்டி நீர் இறைத்ததுதானே என்று விட்டுவிடாதீர்கள். கிணற்றிலிருந்து மேலே வந்த கூனையை (நீர் அள்ளும் பாத்திரத்தை) யாரும் கவிழ்க்கவில்லை, அது தானே கொட்டியது. கூனையின் அடியில் ஒரு தோல் வால். பெரிய வடம் கூனையைத் தூக்கும், வால்கயிறு அந்த வாலை மேல்நோக்கி மடக்கிப் பிடித்திருக்கும். வடம் உயரத்தில் உள்ள உருளையில் ஓடும், வால்கயிறு தாழ்வாகத் தொட்டி விளிம்பிலுள்ள உருளையில் ஓடும். கூனை உச்சிக்கு வரும்போது வால் தொட்டிப் பக்கம் இழுபட்டு நிமிரும், நீர் கொட்டும்.

வீட்டு மாதிரிக்கு ஒரு லிட்டர் பாட்டிலின் அடியை வெட்டிக் கவிழ்த்து, வாயில் ஒரு சாண் சைக்கிள் டியூபைக் கம்பியால் இறுக்குங்கள். இரண்டு நூல்கண்டுச் சக்கரங்கள், ஒன்று மேலே, ஒன்று ஒரு முழம் கீழே. வால் நூல் நீளமானால் வால் தொங்கி வழியெல்லாம் ஒழுகும். குட்டையானால் பாட்டில் பாதியிலேயே கொட்டிவிடும். சரியான நீளத்தைப் பிள்ளையே தேடட்டும். வீட்டில் கமலை ஓட்டிய தாத்தா யாராவது இருந்தால், பக்கத்தில் உட்காரவைத்து விடுங்கள். அவர் கை நூலுக்குத் தானாகப் போகும்.

எங்கே கூட்டிப்போகலாம்?

கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையம். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்க்காமல், நாலு கருவிகளைத் தேர்ந்து படம் வரைந்துவரச் சொல்லுங்கள். பத்தமடையில் பாய் நெசவு, ஊரில் உள்ள சைக்கிள் கடை, லேத் பட்டறை இவையும் அதே மதிப்புள்ளவை. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைத் தரையில் கட்டிவைத்து எரித்துச் சோதிக்கிறார்கள். நினைத்த நேரத்தில் போய்ப் பார்க்கும் இடமல்ல, ஆனால் பறப்பதற்கு முன் தரையில் சோதிக்க வேண்டும் என்பதற்கு நம் பக்கத்தில் இதைவிடப் பெரிய சான்று இல்லை.

எடிசன் கதை சொல்லலாமா?

சொல்லுங்கள், ஆனால் அவருக்கு முன்னும் கூடவும் ஜோசப் ஸ்வான் முதலான பலர் பல்பில் உழைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். எங்களைக் கேட்டால் ரைட் சகோதரர்கள் கதை கூடுதல் பயன் தரும். சிறுவயதில் அப்பா கொடுத்த ரப்பர் பட்டையில் பறக்கும் பொம்மையில் தொடங்கியவர்கள். பெரியவர்களான பிறகு, புத்தகத்தில் இருந்த சிறகுக் கணக்கு தங்கள் கிளைடரோடு ஒத்துவரவில்லை என்று கண்டதும், 1901இல் காற்றை உள்ளே செலுத்திச் சோதிக்கும் ஒரு மரப்பெட்டிக் காற்றுக்கூண்டு செய்து சுமார் 200 சிறகு வடிவங்களைச் சோதித்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று முதல் பறத்தல் 12 விநாடி, 36 மீட்டர்.

பள்ளிக் கண்காட்சிக்குத் தெர்மாகோல் எரிமலை போதுமா?

அது சிற்பம். கடையில் வாங்கி, அப்பா இரவு ஒட்டியதாக இருந்தால் அதுவும் இல்லை. ஒரு கருவி, அதற்கு முன் செய்து சரியாக வராமல் போன மூன்று மாதிரிகள், சாக்பீஸ் அளவுகள் எழுதிய கசங்கிய நோட்டு, இவ்வளவையும் மேசையில் வைத்தால் நடுவரிடம் பேச பிள்ளைக்கு விஷயம் இருக்கும்.

இன்ஸ்பயர் மானக் விருதுக்கு எப்படி அனுப்புவது?

பள்ளி மாணவர்களின் புதுக் கருவி யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் விருது இது. பள்ளி வழியாகத்தான், இணையத்தில். பெற்றோர் நேரடியாக அனுப்ப முடியாது. தலைமையாசிரியரிடம் கேட்டுப் பள்ளி பதிவு செய்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் பிள்ளையின் கணக்குக்கு வரும், பிறகு மாவட்டம், மாநிலம், தேசியம் என்று கண்காட்சிகள். பாடப்புத்தக மாதிரியும் இணையத்தில் பார்த்துச் செய்ததும் தேறுவது கடினம். யாருடைய தொல்லை, இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள், என் கருவியில் என்ன மாறுகிறது என்ற மூன்றையும் நாலைந்து வரியில் பிள்ளையின் சொற்களிலேயே எழுதவையுங்கள்.

காப்புரிமை வாங்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். ஆனால் உண்மையிலேயே புதிது என்று தோன்றினால் ஒரு விதியை மறக்காதீர்கள்: விண்ணப்பிப்பதற்கு முன் வீடியோ போடாதீர்கள், பத்திரிகையில் கொடுக்காதீர்கள். வெளியே தெரிந்துவிட்டால் புதுமை போய்விட்டது என்று நிராகரிக்க இடமுண்டு. முதலில் தற்காலிக விவரக்குறிப்பைக் கொடுத்து, முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் எடுத்துக்கொள்ளலாம். தனிநபர் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். பிறகு பரிசீலனைக்குத் தனிக் கட்டணம் உண்டு. நமக்கு உரிய அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு செல்லும்.

ஆச்சியின் கைவைத்தியத்துக்கு வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். முடியாது, மரபறிவுக்கு நம் சட்டத்தில் காப்புரிமை இல்லை. மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் கொடுத்த காப்புரிமையைக்கூட இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழு வழக்காடி 1997இல் ரத்துசெய்ய வைத்தது.

பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறான். என்ன செய்ய?

தாவட்டும். பாதியில் நின்றதைக் குப்பையில் போடாமல் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு, எங்கே நின்றது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிச் செருகிவையுங்கள்: 'வால் நூல் குட்டை', 'துளை நடுவில் இல்லை'. அடுத்த லீவில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்.